நல்ல ரசமும் மகா ரசமும்: நுரைக் கோட்பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிலர் நல்லபடியாக வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். வேறு சிலரை ஊர் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிறது. இவ்விரு சாராருக்கும் என்ன வித்தியாசம் என்ற வினாவுக்குச் சுயமுன்னேற்ற நூல்களும், மேடைப் பேச்சாளர்களும், விடிகாலை நாலு மணிக்கே எழுந்து அதை மற்றவர்களுக்கும் தெரிவிக்கிறவர்களும் விடை சொல்லியிருக்கிறார்கள். எல்லா விடையும் ‘இன்னும் கொஞ்சம்’ என்பதில் போய் முடிகிறது. இன்னும் கொஞ்சம் உழைப்பு, இன்னும் கொஞ்சம் வெறி. இக்கட்டுரை அதை மறுக்கிறது. சான்றுகள் பெரும்பாலும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

ஆய்வுப் பொருள்

ஏன் ரசம்? சாம்பாரில் முருங்கைக்காயின் பெருமையைச் சமைத்தவர் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வழியுண்டு. பாயசத்தில் முந்திரி சாட்சியைக் கலைத்துவிடும். ரசத்தில் ஒளிய இடமில்லை. புளி, தக்காளி, மிளகு, சீரகம், தனியா, பெருங்காயம், பருப்புத் தண்ணீர், கொத்தமல்லித் தழை. எல்லார் வீட்டிலும் இதேதான். வாங்கும் மளிகைக் கடையும் பெரும்பாலும் ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒரு வீட்டு ரசம் சத்தமில்லாமல் சாதத்தோடு இறங்கிப் போகிறது. இன்னொரு வீட்டு ரசத்தை, இலையில் மோர் விழுந்த பிறகும், “கையில கொஞ்சம் ஊத்துங்க” என்று உள்ளங்கையைக் குழித்து நீட்டிக் கேட்கிறார்கள். முன்னது நல்ல ரசம். பின்னது மகா ரசம். கையை நீட்டினார்களா இல்லையா என்பதே இவ்வாய்வின் அளவுகோல். இதைவிடத் துல்லியமான கருவி சந்தையில் இல்லை.

வரலாற்றுப் பின்னணி

போர்த்துக்கீசியர் வழியாக மிளகாய் வந்து சேருமுன் இந்நாட்டின் காரம் மிளகைத்தான் நம்பியிருந்தது. அந்த மிளகில் வைத்த ரசம், அதாவது மிளகுத் தண்ணீர், ஆங்கிலேயர் கையில் கிடைத்தது. அவர்கள் அதில் கோழியைப் போட்டார்கள், கறித்தூளைப் போட்டார்கள், ஆப்பிளைப் போட்டார்கள், சில வீடுகளில் பாலேட்டையும் விட்டார்கள். முல்லிகட்டானி என்ற அந்த சூப் நல்ல சூப்தான். அதைக் குடித்தவர் எவரும் உள்ளங்கையை நீட்டியதாகத் தகவல் இல்லை. ‘இன்னும் கொஞ்சம்’ கொள்கையின் முதல் தோல்வியாக இதைக் கருதலாம்.

செய்முறைப் பகுப்பாய்வு

ரசத்துக்கு இரண்டு காலம் உண்டு. முதற்காலம் கொதிகாலம். புளிக்கரைசலில் உப்பும் மஞ்சளும் தக்காளியும் சேர்ந்து, பச்சை வாசனை போகும்வரை கொதித்தாக வேண்டும். இதில் சலுகை கிடையாது. இரண்டாம் காலம், பருப்புத் தண்ணீர் விட்டு விளாவிய பிறகு தொடங்குகிறது. இங்கே சட்டம் தலைகீழாகிவிடும். இனிமேல் கொதிக்கவே கூடாது. ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டி, நடுவை நோக்கிக் கூடி வரும். அது மூடிக்கொள்ளும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். இதுவே நுரைக் கோட்பாடு.

இதில் வேதியியல் இருக்கிறது. மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளால் வருவது. அது அவ்வளவு எளிதில் ஆவியாகாது. மணம் தருபவையோ ஆவியாகிப் பறக்கும் எண்ணெய்கள். தனியாவின் லினலூலும் சீரகத்தின் குமினால்டிஹைடும் அந்த ரகம்தான். ஆகவே ரசத்தைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். காரம் மட்டும் நின்று தொண்டையைப் பிடிக்கும். இதிலிருந்து ஒரு துணைத் தேற்றம் கிடைக்கிறது: தெருமுனை வரைக்கும் மணக்கிற ரசத்தில், தெருமுனைக்குப் போன அளவு மணம் குறைவு. புகழ் பெற்றவர்கள் இதைத் தனியாக உட்கார்ந்து யோசிப்பது நல்லது.

கருவியியல்

பழைய வீடுகளில் ரசத்துக்கென்றே ஈயச்சொம்பு இருந்தது. அதன் பெருமையைச் சுவையில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அச்சொம்பின் உலோகமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புச் சுடரின் வெப்பம் அதைப் போலப் பலமடங்கு. உள்ளே தண்ணீர் இருக்கிறவரை சொம்பு பிழைக்கும். வற்றவிட்டால் அடுப்பிலேயே ஒழுகி ஓடிவிடும். எனவே ஈயச்சொம்பை ஏற்றிவிட்டு யாரும் வாசலில் போய் ஊர்வம்பு பேச முடியாது. எவர்சில்வர் மறதியை மன்னிக்கும், ஈயம் மன்னிக்காது. மகா ரசத்துக்கான காரணத்தில் பாதி ஈயம் என்றால், மீதிப் பாதி அந்தப் பயத்தில் அடுப்பைவிட்டு நகராமல் நின்ற ஆள்.

கள ஆய்வு

கோட்பாட்டைச் சமையலறைக்கு வெளியே சோதித்துப் பார்த்தோம்.

கிரிக்கெட்டில் சுனில் கவாஸ்கர். 125 டெஸ்டில் 10,122 ரன் எடுத்தவர்; பத்தாயிரத்தைத் தொட்ட முதல் ஆள். கொதிகாலம் பதினாறு ஆண்டு. 1987 மார்ச்சில் பெங்களூரில், பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 96 அடித்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். நுரை கட்டிய நேரம் என்றால் இதுதான். அதே ஆண்டு உலகக் கோப்பையிலும் ஆடி, நாக்பூரில் தன் ஒரே ஒருநாள் சதத்தை அடித்தார் என்பது கோட்பாட்டுக்குச் சற்றுச் சங்கடமான தகவல். ஆய்வு மரபுப்படி அதைக் கடந்து செல்கிறோம்.

இலக்கியத்தில் மௌனி. ஏறக்குறைய இரண்டு டஜன் சிறுகதைகள்தான் எழுதினார். புதுமைப்பித்தன் அவரைச் சிறுகதையின் திருமூலர் என்றார். அலமாரி முழுக்க எழுதிக் குவித்த பலரை யாரும் எதன் திருமூலர் என்றும் சொன்னதில்லை.

எதிர்த்திசைச் சான்றுகளுக்குப் பஞ்சமே இல்லை. “இரண்டே நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்” என்று ஒலிபெருக்கியைப் பிடித்தவர்கள். மகனுக்குப் புத்தி சொல்லும் தகப்பன்மார். தகப்பன் சொல்லும் முதல் வாக்கியம் பெரும்பாலும் சரியானதாகவே இருக்கும். பையன் தலையைக்கூட ஆட்டிவிடுவான். அங்கே இறக்கியிருக்க வேண்டும். இறக்காமல், பள்ளிக்கூடத்துக்குத் தான் நடந்தே போன கதைக்கும், அங்கிருந்து பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணுக்கும் போகிறார். அதற்குள் லினலூல் பறந்துவிடும். பைப்பரின் மட்டும் மிச்சம்.

மறுப்பும் விளக்கமும்

‘அப்படியானால் சீக்கிரம் நிறுத்திவிடுகிறவரெல்லாம் பெரியவரா?’ என்று கேட்கலாம். ஊரில் ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “உச்சத்துல இருக்கும்போதே விட்டுடணும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதற்காலத்தை நினைவுபடுத்துகிறோம். கொதிக்காமல் இறக்கினால் அது மகா ரசமுமல்ல, நல்ல ரசமுமல்ல, புளித்தண்ணீர். பச்சை வாசனை பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது.

முடிவுரை

ஆக, நல்ல நிலைக்கு வரக் கொதிக்க வேண்டும். பெரிய நிலைக்கு வர இறக்கத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சில வினாடி. அந்த வினாடிகளில் அடுப்பருகே இருந்தாரா, கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதே ஒருவரைப் பற்றிய முழுச் செய்தி. திறமை, பரம்பரை, ராசி முதலானவை ரசப்பொடிக் கணக்கில் சேரும். அவை கடையிலும் கிடைக்கும்.

இவ்வளவில் ஆய்வேடு நிறைவுற்றதாகக் கருதி நெறியாளரிடம் சமர்ப்பித்தோம். கருத்து பிரமாதம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் இருநூறு பக்கம் இல்லாவிட்டால் குழு தொட்டுக்கூடப் பார்க்காதாம். எனவே தற்போது விளாவிக்கொண்டிருக்கிறோம்.