ரிமோட் யார் கையில்?

ஓட்டல் அறைச் சுவரில் இருக்கும் அந்த ஏசி பெட்டி பல இடங்களில் நம் மனநிம்மதிக்கு. 18 என்று அழுத்தினால் மரியாதையாக 18 காட்டும். அறை தன்பாட்டுக்கு 24-இல் இருக்கும். உள்ளே வரம்பு போட்டுப் பூட்டியிருப்பதை யாரும் சொல்வதில்லை. இன்னும் நவீனமான ஓட்டல் என்றால் சென்சார். அசையாமல் தூங்குபவரைக் காலி அறையாகக் கணக்கெழுதி, நடுராத்திரியில் ஏசியை அணைத்துவிடும். எழுந்து, இருட்டில் இரண்டு கையையும் வீசி, உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும்.

லாட்ஜில் இத்தனை வித்தை கிடையாது. ரூம் பாய் வருவார், "எவ்ளோ சார் வைக்கட்டும்?" என்பார், பதிலுக்குக் காத்திராமல் 24 வைத்து, ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்பது 2020 முதல் மத்திய அரசு விதி. தம்பி சட்டத்தை மதிக்கிறவர்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ரிமோட் கிடைத்தால் 16தான். சீக்கிரம் குளிருமாம். பழைய ஏசியின் கம்ப்ரசருக்கு 16-ம் 24-ம் ஒன்றே. ஓடும் வேகம் மாறாது, நிற்கும் நேரம்தான் தள்ளிப்போகும். வாடகை கொடுத்தாயிற்றே என்று இரண்டு கம்பளி கேட்டு வாங்கிப் போர்த்திப் படுத்தவர், காலையில் தொண்டை கட்டிப்போய், ரிசப்ஷனில் சைகையால் புகார் சொல்வார்: ரூம் சரியாகக் குளிரவில்லை.