பாட்டி திங்கட்கிழமை பள்ளிக்கு வருவார்

நிறுத்தற்குறிப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் யாரும் எதிர்ப்பதில்லை. தலையாட்டிக் கேட்பார்கள். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்த ஒரே மூச்சுதான் சிக்கல். கட்டுரையையும் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டு, மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, பொங்கலுக்கு முந்திரி தூவுவதுபோல் மேலிருந்து கீழே காற்புள்ளி தூவிக்கொண்டு வருவார்கள்.

உணர்ச்சிக்குறி ஒன்று போதாது, மூன்று வேண்டும். ‘மழைநீரைச் சேமிப்போம்!!!’ என்பதைப் படித்தால் வெள்ளம் வகுப்புக்குள் வந்துவிட்டதோ என்று தோன்றும். அரைப்புள்ளியை மட்டும் சீந்துவார் இல்லை. பெரியவர்களே தொடுவதில்லை; பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒருநாள் உற்சாகத்தில் வரலாறு சொன்னேன். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று சுவடி எழுதியவர்கள் மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டுவிட்டார்கள், காற்புள்ளி முதலியவை மேற்கிலிருந்து வந்தவை, 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் அவற்றை ஒழுங்காகக் கையாண்டார் என்றெல்லாம். கடைசி பெஞ்சு சும்மா இருக்குமா?

“நான் ஓலைச்சுவடி முறையிலதான் எழுதியிருக்கேன் ஐயா. இதுக்குப் போய் மார்க் குறைச்சிட்டீங்களே?”

வகுப்பே கைதட்டியது. அவன் நோட்டில் மெய்யெழுத்துக்கும் புள்ளி கிடையாது என்பதால் வாதத்தில் ஓட்டையும் இல்லை.

உள்ளதைச் சொன்னால், புள்ளிக்காக நான் ரொம்ப மல்லுக்கட்டுவதில்லை. வினைமுற்று கடைசியில் வந்து உட்காருகிற மொழி நம்முடையது. ‘வந்தான்’ என்றதும் வாக்கியம் முடிந்துவிட்டது என்று காதுக்கே தெரியும். ஆபத்து வினையெச்சத்தில் இருக்கிறது. எழுந்து, குளித்து, சாப்பிட்டு, ஓடி, பஸ்ஸைப் பிடித்து என்று எத்தனை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம், கேட்பாரில்லை. ஆனால், ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் யாருடைய வினையோ, முடிக்கும் வினையும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது நன்னூல் விதி. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மேசைக்கு வந்த விடுப்புக் கடிதம் சாட்சி:

“ஐயா எங்கள் பாட்டி நேற்று இரவு இறந்து ஊருக்குப் போய் எல்லாக் காரியமும் முடித்து திங்கட்கிழமை பள்ளிக்கு வந்துவிடுவேன்”

இலக்கணப்படி பார்த்தால் இறந்தவர் பாட்டி. ஊருக்குப் போனவரும், தன் காரியத்தைத் தானே முடித்தவரும் பாட்டி. திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு வரப்போகிறவரும் அவரே. ‘வந்துவிடுவேன்’ என்று தன்மையில் வாக்கு வேறு கொடுத்திருக்கிறார்.

காற்புள்ளி போட்டுத் திருத்திப் பார்த்தேன். எங்கே போட்டாலும் பாட்டி அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுகிறார். ‘இறந்துவிட்டார்’ என்று முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வாக்கியத்தை ‘நான்’ என்று தொடங்கிய பிறகுதான் அடங்கினார்.

பாட்டி திடமாக இருக்கிறார், அன்றைக்கு மாமா வீட்டில் காதுகுத்து என்பது பிறகு தெரிந்தது. இலக்கணத்துக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது.

கடிதத்தின் அடியில் அப்பாவின் கையெழுத்தும் இருந்தது. பெற்றோர்களே, கையெழுத்துப் போடுமுன் தயவுசெய்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.