தோட்ட வாரியத்துக்கு ரெண்டு செல்லாத ஓலை

வா தம்பி, குந்து. அந்தக் கயித்துக் கட்டில்ல பாத்துக் குந்து, ஒரு பக்கம் எறங்கியிருக்கும். நீ வேற வெள்ளப் பேண்ட்டு. சொம்புல மோர் இருக்குது, குடி. ஏனாத்தூர் முழுக்க ஒரே பேச்சு. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கிற நம்ம பையன், தாத்தா வுட்டுட்டுப் போன மாட்டுக் கொட்டாய சரி பண்ணி, பக்கத்து முப்பது சென்ட்டுல காய்கறி போடப் போறானாம். கேட்டதும் எனக்குப் பல்லெல்லாம் தெரிஞ்சுது. இருக்கிறது எட்டு. அந்த எட்டும்.

இன்ஜினியர் போட்ட படத்த போன்ல காட்டினியே, நல்லாத்தான் இருக்குது. தண்ணித் தொட்டி இருந்த எடத்துல சோபா. முளை அடிச்சிருந்த எடத்துல மொழங்கா ஒசரத்துக்கு ஒரு லைட்டு. வைக்கோல் பரண் மேல ஒரு ரூமு. வாசல்ல நின்னுக்கினு இருந்த மாட்ட மட்டும் படத்துலேர்ந்து அழிச்சுட்டாரு போல. மாட்டுக் கொட்டாய் படத்துக்கு மாடு எதுக்கு, மறைக்கும்.

கொறை சொல்றேன்னு நெனைக்காதே. பழச காப்பாத்தணும்னு நெனைக்கிறது நல்ல புத்தி. முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா இருக்குதே, 1996ல தொறந்தாங்க, அங்க போய்ப் பாத்தேன். செட்டிநாட்டு வூடு, பட்டு நெசவாளி வூடுன்னு அங்கங்க அழிய இருந்ததையெல்லாம் காப்பாத்தி நிறுத்தி வச்சிருக்காங்க. நேர்த்தியான வேலை. டிக்கெட்டு வாங்கிக்கினு உள்ள போய், திண்ணையில அர மணி நேரம் குந்திட்டு வந்தேன். பொறந்ததுலேர்ந்து நான் குந்துற திண்ணைக்கு இதுவரைக்கும் எவனும் டிக்கெட்டு கேக்கலியேன்னு அன்னிக்குத்தான் எனக்கே ஒறைச்சுது.

சரி, கொட்டாய்க்கு வருவோம். மேஸ்திரி இன்னா சொன்னாரு? பனஞ்சட்டத்தையெல்லாம் கழட்டிக் கடாசிட்டு இரும்பு பைப்பு, மேல கலர் ஷீட்டு, ரெண்டே நாள்ல முடிச்சிடுவேன்னாரா? முடிச்சிடுவாரு. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்னிக்கு ஷீட்டெல்லாம் எப்படிப் பறந்துதுன்னு நீயே மெட்ராஸ்ல பாத்திருப்ப. ஒங்க தாத்தா கொட்டாய்ல நாலு வரி ஓடு சரிஞ்சுது, அவ்ளோதான். நானே ஏறி எடுத்து வச்சேன். நாட்டு ஓட்டுல சந்து இருக்குது, கொஞ்சம் காத்து அதுல பூந்து போயிடும். ஷீட்டு அத்தனையும் நெஞ்சுல வாங்கும், அப்பால கெளம்பிப் போயிடும். அதுவுமில்லாம கத்திரி வெயில்ல ஷீட்டுக்குக் கீழ ஒரு மாட்டக் கட்டிப் பாரு. நாக்கு தொங்கும், பால் வத்தும். சோபாவுல குந்தினா ஒனக்கும் அதே கதிதான். பால் வத்துற கவலை மட்டும் ஒனக்கு இல்ல.

ஒரு கம்பிய எடுத்துக்கினு சட்டத்த ஒண்ணொண்ணா குத்திக்கினே வா. கிண்ணுனு சொன்னா வைரம் பாஞ்ச மரம், ஒன் பேரன் வந்து படம் புடிக்கிற வரைக்கும் நிக்கும். பொதுக்குனு உள்ள எறங்கினா கரையான் குடித்தனம். அநேகமா செவுத்து மேல குந்தியிருக்கிற முனைதான் போயிருக்கும், ஒழுகுற தண்ணி அங்கதான் தங்கும். முனைய வெட்டி ஒட்டுப் போட்டுக்கலாம். முழுச் சட்டத்தையும் மாத்தணும்னு வரப்புல நிக்கிற பனைய மட்டும் பாக்காதே. பனை மாநில மரம். வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்டுலியே சொல்லிட்டாங்க. ஒரு சட்டத்த மாத்தப் போனா இன்னொரு சட்டம் குறுக்க நிக்குது பாரு.

அப்புறம் அந்த மண்ணு செவுரு. சிமெண்ட்டுப் பூசி வழவழன்னு ஆக்கிடலாம்னு சொல்லுவாங்க. மண்ணு செவுரு மூச்சு வுடுற சாதி. மேல சிமெண்ட்டப் போட்டு மூக்க அடைச்சா உள்ள ஈரம் தேங்கி, ரெண்டு மழைக்குள்ள தோல் உரியற மாதிரி பாளம் பாளமா வுழும். மண்ணுக்கு மண்ணு, இல்லாங்காட்டி சுண்ணாம்பு. கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியில குழைச்சா இன்னும் நல்லது. வெல்லத்த மேஸ்திரி கையில குடுக்காம நீயே ஊத்து.

காய்கறிக்கு வா. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் செவுத்துல குடவோலைக் கல்வெட்டு இருக்குதே, 919லியும் 921லியும் பராந்தக சோழன் காலத்துல வெட்டினது. எலெக்சனுக்கு எலெக்சன் எல்லா மேடையிலியும் அதப் பேசுவாங்க. ஜனநாயகம் ஜனநாயகம்பாங்க. அதுல ஒரு கணக்கு இருக்குது, அத எவனும் பேச மாட்டான். ஏரி வாரியத்துக்கு ஆறு பேரு. தோட்ட வாரியத்துக்குப் பன்னண்டு பேரு. அம்மாம் பெரிய ஏரியப் பாக்க ஆறு ஆளு போதுமாம், தோட்டத்துக்கு அதுல ரெண்டு பங்கு! கத்திரிக்கா போடுறது இன்னா பாடுன்னு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னியே கல்லுல வெட்டிட்டான்.

ஓலையில பேர் எழுதணும்னா சும்மா இல்ல. கால்வேலிக்கு மேல வரி கட்டுற நெலம் இருக்கணும். சொந்த மனையில வூடு கட்டிக்கினு குடியிருக்கணும். வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ. ஒனக்கு நெலம் முப்பது சென்ட்டு, குடியிருப்பு வேளச்சேரியில வாடகைக்கு, வயசு 34. எனக்கு 76. வேதம் வேற தெரிஞ்சிருக்கணுமாம். அந்தக் கதைய நாம பேசவே வேணாம். ஆக ரெண்டு பேர் ஓலையும் செல்லாது. ஆனா அந்தக் குடியிருக்கிற விஷயம் இருக்குதே, அது வெண்டைக்கா சொன்ன ரூல் தம்பி. வெத போட்ட நாப்பத்தஞ்சு நாள்ல காய் வரும். வந்துட்டா ஒருநாள் வுட்டு ஒருநாள் பறிச்சே ஆவணும். திங்கக்கிழமை பிஞ்சு, ஞாயித்துக்கிழமை நீ கார்ல வந்து எறங்குறப்ப அது காய் இல்ல, குச்சி. ஒடிச்சா ஒடியாது. கத்திரியில குருத்து வாடினா உள்ள புழு இருக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கே கிள்ளி எரிக்கணும். லீவு நாள்ல வர்றேன்னா அதுக்குள்ள அது காய்க்குள்ள போய் குடும்பம் நடத்தும். விடியக்காலம் மயிலு ஒண்ணு வரும், மொளைச்சதையெல்லாம் கொத்தும். கல்லால அடிக்காதே, அது தேசியப் பறவை. நீயும் நானும் சாதாரணப் பிரஜை.

தக்காளியா? 2023 ஜூலையில கிலோ நூறு ரூபாயத் தாண்டுச்சே, அத மனசுல வச்சுக்கினு கேக்குற. அன்னிக்கு நாத்து வாங்க ஓடினவன் எல்லாம் செப்டம்பர்ல தக்காளியும் கையுமா வெலைய வேடிக்கை பாத்தான். வூட்டுக்கு நாலு செடி வையி, போதும்.

இப்ப முக்கியமானது. கத்திரி, வெண்டைக்கு ஏக்கருக்கு பத்து டன் தொழுவுரம் போடணும்பாங்க. ஒன் முப்பது சென்ட்டுக்கு மூணு டன். இத மூட்டையில பசேல்னு பேர் போட்டு விப்பான், வாங்கினா கத்திரிக்காய விட எரு வெல ஜாஸ்தியாயிடும். ஒரு மாடு நாளைக்கிப் பத்து கிலோ சாணி போடுதுன்னு வையி. வருசத்துக்கு மூணரை டன். குழியில மக்கினா பாதியாயிடும். ரெண்டு மாடு கட்டினா ஒன் முப்பது சென்ட்டுக்குக் கணக்கு சரியா போச்சு. ஒங்க தாத்தா கம்ப்யூட்டர் இல்லாமத்தான் இந்தக் கணக்குப் போட்டு கொட்டாய் கட்டினாரு. ரெண்டு மாட்டுக்குத்தான் அதுல எடம், எண்ணிப் பாரு. பச்ச சாணிய மட்டும் நேரா கொண்டுபோய்க் கொட்டிடாதே. புழு வரும், போதாததுக்கு மாடு தின்ன புல்லு அத்தனையும் பாத்தியில மொளைக்கும். சோபா போட்டா எத்தினி டன் எரு வரும்னு அந்த இன்ஜினியரையே கேளு.

இன்னா தம்பி, வந்ததுலேர்ந்து கேக்கலாமா வேணாமான்னு முழுங்கிக்கினே இருக்குற. கொட்டாய்ல இப்பவே ரெண்டு மாடு கட்டியிருக்குது, யாருதுன்னுதானே? எங்குதுதான். ஒங்க தாத்தா போனப்பறம் ஆள் இல்லாத கொட்டாய் கரையானுக்குத்தான் போவும், ஒரு காவலா இருக்கட்டுமேன்னு கட்டி வச்சேன். ஏழு வருசமாச்சு. வாடகையா? போய் மேற்கால குழியப் பாரு. என் கயினிக்கு எடுத்தது போக மிச்சம் நல்லா மக்கி, டீத்தூளு மாதிரி கெடக்குது. அத்தனையும் நீ எடுத்துக்கோ. இனிமேலும் சாணி ஒனக்கு, பாலு எனக்கு. ஓடு மட்டும் இந்த ஆடிக்குள்ள மாத்திடு. ஷீட்டு வேணவே வேணாம், செவலைக்கு வெயிலு ஆவாது.