உந்தக் குளிருக்குள்ள ஃபானோ?

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தில் கறண்ட் போனது. போனது போனதுதான், வருடக்கணக்கில் வரவில்லை. யாழ்தேவியில் கொழும்பிலிருந்து வந்து இறங்கிய எங்கள் வீட்டு மூன்று இதழ் மின்விசிறி அதன்பிறகு ஓர் அலங்காரப் பொருள். அம்மா கிழமைக்கு ஒருக்கால் மேசையில் ஏறி அதைத் துடைப்பார். கறண்ட் எந்த நேரமும் வரலாம், வரும்போது சாப்பாட்டுக்குள் தூசு கொட்டக்கூடாது என்பது அவருடைய கணக்கு. அந்த ஓடாத விசிறிக்குக் கீழே, ஒரு கையில் பனையோலை விசிறியும் எதிரில் ஜாம்போத்தல் விளக்குமாக நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தேன். படித்தது பௌதிகம். சூடான காற்று மேலே போகும், வியர்வை காயும்போது உடம்பு குளிரும். பாஸ் பண்ணுவதற்கு மட்டும் உதவும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவன் வந்து சேர்ந்த இடமோ மின்சாரம் கொட்டிக் கிடக்கும் கியூபெக். வடக்கே ஜேம்ஸ் குடாப் பக்கம் பெரிய ஆறுகளையே மறித்து அணை கட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஹைட்ரோ-கியூபெக்கின் வீட்டுக் கட்டணம், நாளொன்றின் முதல் 40 யூனிட்டுக்கு, யூனிட் 7 சதத்துக்குக் கிட்டத்தான். பனிக்காலத்தில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவதும் அதே மின்சாரம், சுவர் ஓரமாக நீட்டுக்குப் படுத்திருக்கும் ஹீற்றர் வழியாக. எல்லாம் இருந்தது. விசிறி மட்டும் இல்லை.

மொன்றியல் டவுன்டவுனில், கீ மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு மூன்றரையில் ஐந்து பெடியள் இருந்தோம். இந்த ஊரில் வீட்டை அறைக்கணக்கில்தான் சொல்வார்கள், குளியலறைக்கு அரை. பகலில் பிரெஞ்சு வகுப்பு, இரவில் செயின்ட் கத்தரின் தெரு உணவகங்களில் கோப்பை கழுவல். ஜூலையில் அந்த நீராவிக்குள்ளிருந்து தப்பி வீட்டுக்கு வந்தால், பகல் முழுக்க வாங்கிய வெயிலைக் கொங்கிறீற் சுவர் விடியவிடியத் திருப்பித் தரும். முகட்டில் ஒரு விசிறி பூட்டலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டோம். "இது கனடா" என்றார். ஜனவரியில் ஹீற்றர் சூடு போதவில்லை என்று முறையிட்டபோதும் அதே பதில்தான்: "இது கனடா."

இலவசக் காற்று ஒன்று இருந்தது, மெட்ரோ வாசலில். ரயில் சுரங்கத்துக் காற்றைத் தள்ளிக்கொண்டு வரும். கதவைத் திறந்தால் ஆளையே தள்ளும். அந்தக் கதவடியில் நின்று காற்று வாங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவோம். வண்டிக்குள் ஏசி அப்போதும் இல்லை, 2016இல் ஓடத் தொடங்கிய புது அஸூர் வண்டிகளிலும் இல்லை. பனியை எதிர்த்து நகரமொன்றை நிலத்துக்கடியில் கட்டியவர்களுக்கு வெயில் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரவில்லைப்போலும்.

1998 ஜனவரியில் பனிமழை கொட்டியது. மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் இல்லை. மொன்றியல்காரர் திகைத்து நின்றபோது நாங்கள் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு முந்நூற்றிநான்கு சீட்டு விளையாடினோம். கறண்ட் இல்லாமல் வாழ்வதில் எங்களுக்கு அனுபவம் அதிகம் என்ற திமிர். அந்தத் திமிர் இரண்டாம் இரவு தணிந்தது. அங்கே கறண்ட் போனால் வியர்க்கும், இங்கே போனால் விறைக்கும்.

இப்போது கதை மாறிவிட்டது. டவுன்டவுனிலேயே, பத்தடி உயர முகடுள்ள பழைய சாம்பல்கல் வீடொன்றில் குடியிருக்கிறேன். முகட்டில் விசிறி ஓடுகிறது. ஊரில் என்றால் பக்கத்து வீட்டு அண்ணை ஒரு ஸ்குறூ ட்ரைவரோடு வந்து பூட்டிவிட்டு, பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். கியூபெக்கில் உரிமம் உள்ள மின்தொழிலாளர்தான் வயரில் கை வைக்கலாம், சொந்த வீடாக இருந்தாலும். அவருடைய கூலி விசிறியின் விலையைவிடக் கூட. பிளேன்ரீயும் குடிக்கவில்லை.

அம்மா இங்கே வந்து, முதல் பனிக்காலத்தில் அது சுழல்வதைக் கண்டதும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டார்: "உந்தக் குளிருக்குள்ள ஃபானோ? உனக்கென்ன விசரோ தம்பி?"

விசிறியின் வயிற்றில் இருக்கும் சின்ன சுவிட்சைக் காட்டினேன். கோடையில், கீழேயிருந்து பார்த்தால், இடப்பக்கமாகச் சுழன்று காற்றை நம்மேல் இறக்கும். பனிக்காலத்தில் சுவிட்சை மாற்றினால் வலப்பக்கமாக, மெதுவாகச் சுழன்று கீழ்க்காற்றை மேலே இழுக்கும். முகட்டில் தேங்கி நிற்கும் சூடு சுவர் வழியே கீழே இறங்கும். அம்மா கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார். "வலம் வருது. அப்ப ஓடட்டும்" என்றார். பௌதிகம் அவரிடம் எடுபடவில்லை, கோயில் முறை எடுபட்டது.

காசு மிச்சமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோடையில் மிச்சம்தான். 60 வாட் விசிறி இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் நாலு சதம்கூட வராது. 900 வாட் ஜன்னல் ஏசி அதே நேரத்துக்கு அரை டொலர் கேட்கும். ஏசி வைத்திருப்பவர்களும் கூடவே விசிறியை விட்டால் ஏசியை இரண்டு பாகை கூட்டி வைக்கலாம், உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. பனிக்கால மிச்சம் வேறு கதை. விற்பவர் சொல்வதில் பாதியை நம்பினாலும் அதிகம். இருபதாம் மாடிக் கொண்டோவில் இருக்கும் என் மச்சானுக்கு எட்டடி முகடு. இதழுக்கும் தரைக்கும் ஏழடி இடைவெளி வேண்டும். மிஞ்சும் ஓரடியில் எவ்வளவு சூடு தேங்கும்? பூட்டாதே என்று சொல்லிவிட்டேன். பழைய உயர முகடுகளில்தான் அதற்கு வேலை இருக்கிறது.

இன்னொன்று. விசிறி அறையைக் குளிராக்காது, ஆளைத்தான் குளிராக்கும். 2018 ஜூலை 2இல், மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து மக்டாவிஷ் நிலையத்தில் 36.6 பாகை பதிவானது. அந்த வெப்ப அலையில் மொன்றியலில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் முதியவர்கள், வீட்டில் ஏசி இல்லாதவர்கள். தோலின் சூட்டைவிடக் காற்றின் சூடு கூடினால் விசிறி வீசுவது அனல்தான். "இது கனடா" என்று இப்போது யாரும் அவ்வளவு நிச்சயமாகச் சொல்வதில்லை.

ஆகையால், விசிறி பூட்டியிருப்பவர்கள் ஒக்டோபரில் ஏணியில் ஏறி அந்தச் சுவிட்சை மாற்றுங்கோ. ஆளில்லாத அறையில் ஓடவிடாதேயுங்கோ. வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் அம்மா அப்பாவை விசிறியை நம்பித் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டாம். பெர்ரி-யூகாம் மெட்ரோவிலிருந்து வெயில் படாமலே கிராண்ட் பிப்லியோதேக் நூலகத்துக்குள் நுழையலாம். உள்ளே ஏசி இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை.