பேனா, பை, பயோடேட்டா

கேள்வி: கல்லூரி இதழுக்கு எழுதுகிறேன். ஊர் சுற்ற ஆசை. கோடைக்கு வேலையும் தேடுகிறேன். மூன்றையும் எப்படிச் சமாளிப்பது?
(மாணவ நிருபர், தஞ்சாவூர்)

பதில்: மூன்று அடுப்பையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தால் ஒன்றாவது அடிப்பிடிக்கும். ஏப்ரலில் வேலை தேடுங்கள், மே மாதம் வேலை பாருங்கள், ஜூனில் அந்தச் சம்பளத்தில் ஊர் சுற்றுங்கள். எழுத்தை மட்டும் அணைக்காதீர்கள். எப்போதும் சிம்மில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கே போனாலும் அனுபவம் இருக்கிறதா என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்?
(வாசகர், கரூர்)

பதில்: பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். அச்சில் வந்த உங்கள் கட்டுரைகளில் நல்லதாக மூன்றை எடுத்து நீட்டுங்கள். 'கடின உழைப்பாளி' என்று பயோடேட்டாவில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

கேள்வி: "சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு" என்கிறார்கள். சேரலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: அந்தச் சான்றிதழை நீட்டி டவுன் பஸ்ஸில் டிக்கெட் கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தால் சேருங்கள். இல்லாவிட்டால் முகூர்த்த நாளில் கேட்டரிங்காரரோடு பந்தி பரிமாறப் போகலாம். கூலியும் உண்டு, சாப்பாடும் உண்டு. யார் இலைக்கு இரண்டாவது வடை போகிறது என்று கவனித்தால் கட்டுரையும் உண்டு.

கேள்வி: கையில் காசு குறைவு. ரயிலில் எந்த வகுப்பு நல்லது?
(மாணவி, காரைக்குடி)

பதில்: முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. நாம் கிளம்ப முடிவெடுப்பதோ 60 நிமிடத்துக்கு முன்பு! ஆகவே முன்பதிவில்லாப் பெட்டிதான். நிருபருக்கு அதுவே முதல் வகுப்பு. ஏசியில் போர்வையை இழுத்துப் போர்த்திவிடுவார்கள். இங்கே விழுப்புரம் வருவதற்குள் வெங்காய விலையிலிருந்து வார்டு கவுன்சிலர் வரை அலசிவிடுவார்கள். பெயரோடு எழுதுவதானால் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தகவல் உரிமை மனு போடப் போகிறேன். விடுமுறைக்குள் பதில் வருமா?
(மாணவ நிருபர், சேலம்)

பதில்: விடுமுறையின் முதல் நாளே போடுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. நீங்கள் ஊர் சுற்றும்போது உங்களுக்காக ஓர் அலுவலகமே கோப்பு தேடும். பதில் வந்தால் ஒரு செய்தி. வராவிட்டால் மேல்முறையீடு, அது இன்னொரு செய்தி.

கேள்வி: எழுத்து, ஊர் சுற்றல் என்று அலைந்து உருப்பட்டவர் யாராவது உண்டா?
(ஒரு நிருபரின் அப்பா, திருச்சி)

பதில்: ஏ.கே. செட்டியார். ரங்கூனில் பத்திரிகை நடத்தினார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை படித்தார். காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் 1937இல் கப்பலில் போகும்போது பிறந்தது. 1940இல் படம் திரைக்கே வந்துவிட்டது. ஆகவே பையன் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே திட்டாதீர்கள். மூன்று வருஷம் கழித்துத் திட்டலாம்.

கேள்வி: கட்டுரைக்கான கெடுவும் ரயில் நேரமும் ஒன்றாக வந்தால்?
(மாணவி, நெல்லை)

பதில்: கட்டுரையை அனுப்பிவிட்டு ஓடுங்கள். ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிப்பார்கள். நீங்கள் தாமதமானால் உங்கள் இடத்தில் ஊறுகாய் விளம்பரம் வந்துவிடும்.