மௌனத்துறையில் ஹோன் சத்தம்

யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகள் 1964 வரை குடிலில் இருந்த கொழும்புத்துறையில் இன்று மௌனத்துக்கு இடமில்லை. முன்னால் போகும் சைக்கிள்காரர் ஒதுங்கச் சற்றுத் தாமதித்தால், பின்னால் வருபவரின் ஹோன் அவருடைய குலம் கோத்திரத்தையே விசாரிக்கும். கேட்டால், போர் தந்த மனக்காயம் என்பார்கள். அதை முற்றாகத் தள்ளவும் முடியாது. யாழ்ப்பாணத்தின் மனக்காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டு ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வாகனமோட்டிகளின் வீதிச்சண்டையில் அடிக்கடி மாட்டுவோரிடம் மனவுளைச்சல் கூடுதல் என்று 2003இல் வெளியான கனடிய ஆய்வொன்றும் சொன்னது.

ஆனால் 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் பொறுமை காத்தவர்களும் இதே ஆட்கள்தானே? பொலிஸ்காரரைக் கண்டதும் அந்தக் காயம் சட்டென்று ஆறிவிடுகிறதே, அது என்ன மருந்தோ! உளைச்சல் மெய்யென்றால் யாழ். போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிகிச்சை இலவசம்.