கரியும் கணக்கும்

கேள்வி: பிரிட்டனில் அரசு நிலக்கரிச் சுரங்கங்களைத் தனியாருக்கு விற்றதே, வாங்கியவர்கள் கொழித்தார்களா?

பதில்: கொஞ்ச நாள். 1994 டிசம்பரில் ரிச்சர்ட் பட்ஜின் ஆர்.ஜே.பி. மைனிங், இங்கிலாந்துச் சுரங்கங்களை 80 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. கூடவே சீதனமாக, மின் நிலையங்களோடு 1998 வரை விற்பனை ஒப்பந்தம். அது முடிந்ததும் மலிவான இறக்குமதிக் கரியும் எரிவாயுவும் கழுத்தை நெரித்தன. 2001இல் கம்பெனிக்கு ‘யூ.கே. கோல்’ என்று பெயர் மாற்றினார்கள் (நியூமராலஜி நம்மூர் வியாதி மட்டும்தானா?). பலிக்கவில்லை. 2013இல் டா மில் சுரங்கத்தில் பெருந்தீ. 2015 டிசம்பரில் கெல்லிங்லி சுரங்கத்துக்கும் பூட்டு. தரைக்கு மேலிருந்த நிலங்களைப் பிரித்துக்கொண்ட ஹார்வொர்த் நிறுவனம் மட்டும் ரியல் எஸ்டேட்டில் ஜோராக இருக்கிறது!

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் வேல்ஸ்காரர்கள். லாபமில்லை என்று 1994இல் மூடிய டவர் சுரங்கத்தை, 239 தொழிலாளர்கள் தங்கள் வேலையிழப்புப் பணத்தில் தலைக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கினார்கள். மறு ஜனவரியில் திறந்து, லாபமும் பார்த்தார்கள். 2008இல் மூடியது நஷ்டத்தால் அல்ல. வெட்ட அங்கே கரி மிச்சமில்லை.